துணை வேளாண்மை விரிவாக்க மையத்தை மூடப் போகிறார்களாம்: விவசாயிகள் குறைதீர் நாளில் கொடுக்க மனு எழுத வேண்டும், யோசனை சொல்லுங்கள்

வெள்ளாற்றுக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பெரம்பலூர் மாவட்டத்துக்காரன். மக்காச்சோளம், பருத்தி, கொஞ்சம் சின்ன வெங்காயம்.

எங்கள் பிர்க்காவில் (பல கிராமங்கள் சேர்ந்த வருவாய்ப் பிரிவு) ஒரு துணை வேளாண்மை விரிவாக்க மையம் இருக்கிறது, விதை, உரம் கொடுத்துப் பயிருக்கு ஆலோசனையும் சொல்லும் அரசு அலுவலகம். ஊரில் 'டிப்போ' என்றுதான் சொல்வோம். அங்கிருந்த உதவி வேளாண்மை அலுவலர் மாறுதலில் போன பிறகு அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை. பக்கத்து அலுவலர் கூடுதல் பொறுப்பாகப் பார்க்கிறார். அதனால் வாரத்தில் பாதி நாள் பூட்டுதான். இப்போது இன்னொரு பேச்சு அடிபடுகிறது: விதை, உயிர் உரம், நுண்ணூட்டம் எல்லாவற்றையும் ஒன்றியத் தலைமையிடத்து மையத்திலேயே வாங்கிக்கொள்ளலாம், இந்தக் கட்டடம் இனி தேவையில்லை என்று. எழுத்தில் எதுவும் வரவில்லை. வந்த பிறகு போய்ப் பேசிப் பயனில்லை என்பதால்தான் முன்கூட்டியே கேட்கிறேன்.

அந்த இடத்தால் எங்களுக்கு என்ன ஆனது என்று ஒன்று மட்டும் சொல்கிறேன். 2018 புரட்டாசிப் பட்டத்தில் மக்காச்சோளக் குருத்தெல்லாம் சல்லடையாகப் போயிற்று. தண்டுத் துளைப்பான் என்று நினைத்தோம். மருந்துக் கடையில் ஆளுக்கொரு பாட்டிலைக் கொடுத்தார்கள், அடித்தோம், புழு அசையவில்லை. அப்போது டிப்போவில் இருந்தவர் வயலுக்கு வந்து ஒரு குருத்தைப் பிரித்தார். உள்ளே ஈர மரத்தூள் போல எச்சம். ஒரு புழுவை எடுத்து இலைமேல் வைத்து, தலையில் தலைகீழான ஒய் எழுத்து தெரிகிறதா பார், வால் பக்கம் நான்கு புள்ளி சதுரமாக இருக்கிறதா பார் என்றார். இருந்தது. இது படைப்புழு, இந்த வருடம்தான் நம் நாட்டுக்குள் வந்திருக்கிறது, இலைமேல் அடித்தால் சாகாது, காலையிலோ சாயங்காலமோ குருத்துக்குள் இறங்குகிற மாதிரி அடிக்க வேண்டும் என்று கைத்தெளிப்பானை வாங்கி அடித்துக் காட்டினார். அந்த வருடம் விளைச்சல் போனது போனதுதான். ஆனால் அடுத்த பட்டத்தில் கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம்பிண்ணாக்கு போட்டு, ஓரத்தில் தட்டைப்பயறு விதைத்து, இனக்கவர்ச்சிப் பொறி வைத்து நாங்கள் தயாராக இருந்தோம். சொல்லிக்கொடுத்தது அவர்தான்.

மனுவில் என்னென்ன எழுதலாம், யாருக்கெல்லாம் அனுப்பலாம்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பவானிக்கரை_மஞ்சள் எழுதியது:

அண்ணே, உங்கள் வருத்தம் நியாயமானது. ஆனால் கலெக்டர் ஆபீஸில் மனுவை வாங்குகிறவர் கேட்கப்போகிற கேள்வியை நானே முதலில் கேட்டுவிடுகிறேன். அந்தக் கட்டடம் எதற்கு?

உழவன் செயலி 2018 ஏப்ரலில் வந்தது. மானியம், உர இருப்பு, விதை இருப்பு, சந்தை விலை, வானிலை, வாடகை இயந்திரம் எல்லாம் அதில் இருக்கிறது. உங்கள் உதவி அலுவலர் எந்த ஊருக்கு என்றைக்கு வருகிறார் என்பதுகூட இருக்கிறது. சந்தேகம் கேட்க 1800 180 1551 இருக்கிறது, 2004 முதல் நடக்கிறது, தமிழிலேயே பேசுகிறார்கள்.

2003ல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு நிறுவனம் நாடு முழுக்க விவசாயக் குடும்பங்களைக் கேட்டது. புதிய தொழில்நுட்பத் தகவல் விரிவாக்கப் பணியாளரிடமிருந்து கிடைத்தது என்று சொன்னவர்கள் 100க்கு 5.7 பேர்தான். செயலி வருவதற்கும், கைப்பேசி ஊர் ஊராகப் பரவுவதற்கும் முன்னால் எடுத்த கணக்கு அது. அப்போதே அந்த நிலை என்றால், நாம் காப்பாற்ற நினைப்பது எதை? ஆளைக் காப்பாற்றுவோம், சரி. அவருக்கு வண்டியும் பெட்ரோலும் கொடுத்து வயலுக்கு அனுப்பச் சொல்வோம். ஓட்டுக் கட்டடத்துக்கு மின் கட்டணம் கட்டுவதற்காகப் போராட வேண்டுமா?


தென்னை_ஆனைமலை எழுதியது:

தம்பி, அதே கணக்கெடுப்பில் பக்கத்து வரியையும் படியுங்கள். உரம், மருந்து விற்கிற கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டோம் என்றவர்கள் 13.1 சதவீதம். அலுவலர் போகாத இடத்துக்குக் கடைக்காரர் போனார், அவ்வளவுதான்.

அது என்ன செய்யும் என்று எங்கள் பக்கம் பார்த்தோம். 2016ல் பொள்ளாச்சிப் பகுதித் தென்னையில் சுருள் வெள்ளை ஈ வந்தது. ஓலைக்கு அடியில் வெள்ளை வெள்ளையாகச் சுருள், கீழ் ஓலை முழுக்கக் கரும்பூசணம். பார்த்தால் பயம் வரும். கடைக்குப் போனால் மருந்து, மறு வாரம் இன்னொரு மருந்து. பல்கலைக்கழகத்துப் பரிந்துரை அதற்கு நேர் எதிர்: ரசாயனம் அடிக்காதே, தண்ணீரை ஓலையின் அடிப்பக்கம் வேகமாகப் பீய்ச்சு, மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டு, கரும்பூசணத்துக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதா மாவைக் காய்ச்சிப் பசையாக்கித் தெளி. வெயிலில் அது காய்ந்து உரிந்து விழும்போது பூசணமும் சேர்ந்து விழும். மருந்து அடித்தால் ஈயைத் தின்று வளரும் என்கார்சியா குளவிதான் முதலில் சாகும்.

இதைச் சொல்ல எந்தக் கடைக்காரருக்கு மனம் வரும்? அவரைக் குறை சொல்லவில்லை, அவர் விற்றால்தான் அவருக்குச் சோறு. 'ஒன்றும் வாங்காதே, பொறு' என்று சொல்லும் ஒரு ஆள் சம்பளத்துக்கு இருக்க வேண்டும். அந்த ஆள் எங்கே இருக்கிறார் என்று ஊருக்குத் தெரிய வேண்டும். எனக்குக் கட்டடம் என்றால் இதுதான் தம்பி.


முன்னாள்_உதவி_அலுவலர் எழுதியது:

இந்தத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இரண்டு பக்கமும் உண்மை இருக்கிறது. உள்ளே எப்படி நடக்கிறது என்பதைச் சொன்னால் மனு எழுத உதவும்.

நான் சேர்ந்த காலத்தில் உலக வங்கி உதவியோடு 'பயிற்சியும் பார்வையிடலும்' திட்டம் நடந்துகொண்டிருந்தது. அதன் உயிர் ஒரே ஒரு விதிதான்: பதினைந்து நாளுக்கு ஒருமுறை, குறித்த கிழமையில், குறித்த ஊரில் அலுவலர் இருந்தாக வேண்டும். மழையோ வெயிலோ இருந்தாக வேண்டும். அதற்கு முன் ஒரு நாள் எங்களுக்குப் பயிற்சி. அந்தப் பட்டத்துக்கு என்ன சொல்ல வேண்டுமோ அதை மட்டும் சொல்லிக்கொடுத்து அனுப்புவார்கள். ஊருக்குள் தொடர்பு விவசாயிகள் சிலர் இருப்பார்கள், அவர்கள் வழியாக மற்றவர்களுக்குப் போகும். குறைகள் இருந்தன. வசதியானவர் வயலிலேயே கூட்டம் நடக்கும், கடைக்கோடி ஆளுக்குச் செய்தி போய்ச் சேராது. ஆனால் 'செவ்வாய்க்கிழமை வந்தால் அவர் இருப்பார்' என்று ஊருக்குத் தெரியும்.

திட்டம் முடிந்தது. அப்புறம் மானியத் திட்டங்கள் கூடின. அலுவலரின் வேலை சொல்லிக்கொடுப்பதிலிருந்து பயனாளிப் பட்டியல் தயாரிப்பதாக மாறியது. 2005-06ல் ஆத்மா (வேளாண் தொழில்நுட்ப மேலாண்மை முகமை) திட்டம் நாடு முழுக்க விரிந்தது. விவசாயிகளின் ஆலோசனைக் குழுவை வட்டார அளவில் உட்கார வைக்க வேண்டும் என்பது அதில் நல்ல அம்சம். பல வட்டாரங்களில் அந்தக் குழு காகிதத்தோடு நின்றுவிட்டது. இன்று ஒரு உதவி அலுவலரின் நாளைப் பார்த்தால், காலையில் ஏதாவது ஒரு பதிவு, மத்தியானம் புகைப்படம் ஏற்றுவது, சாயங்காலம் இலக்கு எவ்வளவு முடிந்தது என்று வாட்ஸ்அப்பில் பதில். பி.எம். கிசான் இ-கேஒய்சி, காப்பீடு, விதைக்கிராமம், மண் மாதிரி, 2025ல் வந்த விவசாயி தனி அடையாள எண் என்று எல்லாம் அதே ஆளின் தலையில். ஒரு காலியிடம் விழுந்தால் அந்த ஊர்களும் பக்கத்து ஆளின் தலையில்.

750 விவசாயக் குடும்பத்துக்கு ஒரு விரிவாக்கப் பணியாளர் வேண்டும் என்று விவசாயிகள் வருமானத்தை இரட்டிப்பாக்க வழி சொன்ன அசோக் தல்வாய் குழு எழுதியது. நம் மாநிலத்தில் 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி நிலவுடைமைகள் 79 லட்சத்துக்கு மேல், சராசரி அளவு 0.75 ஹெக்டேர். இவ்வளவு சிறு சிறு துண்டுகளுக்கு அந்தக் கணக்கில் எத்தனை ஆள் வேண்டும் என்று நீங்களே வகுத்துப் பாருங்கள்.

பவானிக்கரை தம்பி சொன்ன 5.7 உண்மை. அதை வைத்து 'இவர்கள் பயனில்லை, மூடு' என்றும் சொல்லலாம், 'ஆளே போடாமல் வைத்திருந்ததால் போய்ச் சேரவில்லை' என்றும் சொல்லலாம். உள்ளே இருந்தவன் என்ற முறையில் நான் இரண்டாவதைச் சொல்வேன்.

கட்டடம் பற்றி: துணை மையம் என்பது முதலில் ஒரு கிடங்கு. சான்று பெற்ற விதை ஈரம் ஏறாமல் இருக்க வேண்டும். அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா போன்ற உயிர் உரங்கள் உயிருள்ள சரக்கு, வெயிலில் கிடந்தால் பொட்டலத்தில் வெறும் தூள்தான் மிஞ்சும். கிடங்கை ஒன்றியத் தலைமையிடத்துக்கு மாற்றினால் பெரிய விவசாயி டெம்போ வைத்து எடுத்துப் போவார். ஒரு ஏக்கர்க்காரர் அஞ்சு கிலோ நெல் நுண்ணூட்டத்துக்காக அவ்வளவு தூரம் வரமாட்டார், போடாமலே விட்டுவிடுவார். அப்புறம் 'இந்தப் பகுதியில் தேவை குறைவு' என்று கணக்கு வரும். அந்தக் கணக்கைக் காட்டி அடுத்த மையத்தையும் மூடுவார்கள். நான் கண்ணால் பார்த்த வரிசை இது.


பவானிக்கரை_மஞ்சள் எழுதியது:

ஐயா, நன்றி. கிடங்கு விஷயம் நான் யோசிக்காத கோணம். தேவை குறைவு என்ற கணக்கே எப்படி உருவாகிறது என்று நீங்கள் சொன்னது முக்கியமானது. ஆனாலும் செயலி வேண்டாம் என்ற முடிவுக்கு நாம் போய்விடக் கூடாது என்பது என் கருத்து. மஞ்சள் விலை பார்க்க நான் ஈரோட்டுச் சந்தைக்குத் தினமும் போக முடியாது.


கடைமடை_சம்பா எழுதியது:

செயலி வேண்டாம் என்று யாருமே சொல்லவில்லை தம்பி. செயலியில் பேரே ஏறாதவர்களைப் பற்றிப் பேசுகிறேன், கேளுங்கள்.

நான் நாகப்பட்டினம் மாவட்டம், கடைமடை. கோயில் நிலத்தையும் இன்னொருவர் நிலத்தையும் குத்தகைக்கு எடுத்துச் சம்பா செய்கிறோம். சொந்தமாக இருக்கிற துண்டும் மாமனார் பெயரில். எந்தப் பதிவுக்குப் போனாலும் முதல் கட்டமே பட்டா எண், அதற்கு மேல் திரை நகராது. பி.எம். கிசான் 6,000 ரூபாய் நில உரிமையாளருக்குத்தான், குத்தகைதாரருக்கு இல்லை. வாய்மொழிக் குத்தகை என்றால் காகிதமே கிடையாது. சேற்றில் நிற்பது நான், பதிவில் இருப்பது வேறு ஒருவர்.

பயிர்க் காப்பீட்டுக்கு நவம்பர் 15க்குள் கட்ட வேண்டும் என்பார்கள். அடங்கல் (எந்த நிலத்தில் யார் என்ன பயிர் செய்கிறார் என்ற கிராமக் கணக்கு), வங்கிப் புத்தகம், ஆதார் எல்லாம் கையில் வேண்டும். எங்களைப் போன்றவர்களுக்கு வி.ஏ.ஓ.விடம் அடங்கல் வாங்குவதே பெரிய பாடு. அங்கே உதவி அலுவலர் ஒருவர், 'இந்த அம்மாதான் இங்கே நடவு செய்திருக்கிறார், நான் வயலைப் பார்த்தேன்' என்று ஒரு வார்த்தை சொன்னால் வேலை நடக்கும். அவருக்கு என் முகம் தெரிந்ததால்தான் அந்த வார்த்தை வரும். முகம் எப்படித் தெரியும்? விதைக்கு, ஜிப்சத்துக்கு, துத்தநாக சல்பேட்டுக்கு நான் அவர் இருக்கும் இடத்துக்குப் போய்க்கொண்டிருப்பதால் தெரியும்.

வெள்ளம் வந்தால் இதைவிட முக்கியம். 33 சதவீதத்துக்கு மேல் சேதம் என்று எழுதினால்தான் நிவாரணம். வருவாய்த் துறையும் வேளாண் துறையும் சேர்ந்து வயலைப் பார்த்து எழுத வேண்டும். தண்ணீர் வடிந்த பிறகு பயிர் பச்சையாகத்தான் நிற்கும், சாலையில் நின்று பார்த்தால் நன்றாக இருப்பதாகவே தோன்றும். இறங்கி ஒரு குத்தைப் பிடுங்கி, வேர் கறுத்து அழுகியிருப்பதை முகர்ந்து பார்த்தால்தான் தெரியும். ஒரு ஆள் மூன்று ஆள் வேலை பார்க்கும்போது யார் இறங்குவார்கள்? சாலையிலேயே வண்டியில் உட்கார்ந்தபடி எழுதிவிட்டுப் போவார்கள். எங்கள் பக்கம் அப்படி எழுதி, எங்கள் தெரு முழுக்கப் பட்டியலில் விடுபட்டது.

அண்ணன் மனுவில் குத்தகை விவசாயி, பெண் விவசாயி என்ற இரண்டையும் தனியாக எழுதுங்கள். பொதுவாக 'விவசாயிகள்' என்று போட்டால் எங்களை யாரும் அதில் சேர்ப்பதில்லை.


வெள்ளாற்றுக்கரை எழுதியது:

கட்டாயம் எழுதுகிறேன் அக்கா. எங்கள் ஊரிலும் ஆண்கள் திருப்பூர், சென்னை என்று வேலைக்குப் போய்விட, காடு கழனியைப் பார்ப்பது பெண்கள்தான். பட்டா அவர்கள் பெயரில் இல்லை.


பி.எஸ்சி_அக்ரி எழுதியது:

வேளாண்மை பட்டதாரி. வேறொரு கோணத்தில் கேட்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2025-26 வேளாண் நிதிநிலை அறிக்கையில் 1,000 முதலமைச்சரின் உழவர் நல சேவை மையங்கள் அறிவித்தார்கள். 42 கோடி ரூபாய் ஒதுக்கீடு. பட்டதாரி, பட்டயதாரி யாராவது 10 லட்சத்திலிருந்து 20 லட்சம் வரை போட்டுத் தொடங்கினால் 30 சதவீதம் மானியம். விதை, உரம், ஆலோசனை எல்லாம் ஒரே இடத்தில். என்னைப் போல வேலைக்குக் காத்திருப்பவர்கள் ஊரிலேயே தொழில் செய்ய இது வழி. துணை மையம் மூடினாலும் இந்த மையம் வந்தால் விவசாயிக்கு என்ன குறை? படித்த ஆள் பக்கத்திலேயே இருப்பான், ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருப்பான்.


தென்னை_ஆனைமலை எழுதியது:

நீங்கள் தொடங்குங்கள் தம்பி, நன்றாக வாருங்கள். உங்களைப் போல படித்தவர் கடை வைத்தால் இப்போது இருக்கும் நிலையைவிட மேல். ஆனால் வங்கிக் கடன் தவணை தேதி வரும்போது, 'மருந்து வேண்டாம், தண்ணீர் பீய்ச்சினால் போதும்' என்று என்னிடம் சொல்ல உங்களால் முடியுமா என்று யோசித்துப் பாருங்கள். சொல்லக்கூடிய நல்ல மனம் உங்களுக்கு இருக்கலாம். 1,000 பேருக்கும் அதைச் சொல்லிவிட்டு வாடகை கட்ட முடியாது.


முன்னாள்_உதவி_அலுவலர் எழுதியது:

கூடவே ஒன்று. சேவை மையம் விற்கலாம், ஆலோசனை சொல்லலாம். சேதத்தை மதிப்பிட்டுக் கையெழுத்துப் போட முடியாது. காப்பீட்டுக்காக விளைச்சலை அளக்கும் பயிர் அறுவடைப் பரிசோதனையில் சாட்சியாக நிற்க முடியாது. தரமற்ற விதை என்று புகார் வந்தால் மாதிரி எடுக்க அதிகாரம் கிடையாது, சொல்லப்போனால் யாரிடமிருந்து மாதிரி எடுக்க வேண்டுமோ அந்த இடத்தில் அவரே இருப்பார். இரண்டும் இருக்கட்டும். ஒன்றைக் காட்டி மற்றதை மூடக் கூடாது.

2020ல் பி.எம். கிசானில் நம் மாநிலத்தில் நடந்தது நினைவிருக்கும். தகுதி இல்லாதவர்கள் 5 லட்சத்துக்கும் மேல் பட்டியலில் ஏறி, 110 கோடி ரூபாய் அளவுக்குப் போய், சி.பி.சி.ஐ.டி. விசாரணை வந்தது. துறைக்குள் இருந்த கடவுச்சொல்லே வெளியே போய்த் தவறாகப் பயன்பட்டது. அதனால் அலுவலகம் என்றாலே புனிதம் என்று நான் சொல்ல வரவில்லை. ஊரைத் தெரிந்த ஒருவர் அந்தப் பட்டியலை வரிக்கு வரி பார்த்திருந்தால், வேறு மாவட்டத்துக்காரர் பெயர் நம் ஊர் விவசாயி என்று ஏறியிருக்காது. வேலைப் பளுவில் பார்க்க ஆள் இல்லாததும் அந்த ஓட்டைக்கு ஒரு காரணம் என்பது என் எண்ணம்.


அயோவா_தமிழன் எழுதியது:

நான் அமெரிக்காவில் மக்காச்சோளத்துக்குப் பேர்போன அயோவா மாநிலத்தில் இருக்கிறேன், வேலை வேறு, ஆனால் அக்கம்பக்கம் எல்லாம் விவசாயிகள். இங்கேயும் இதே சண்டை பல காலமாக நடக்கிறது. இங்கு மாவட்டத்துக்கு மாவட்டம் பண்ணைச் சேவை முகமை அலுவலகம் உண்டு. கடன், பேரிடர் உதவி, பயிர்ப் பரப்புப் பதிவு எல்லாம் அங்கேதான். 2012 ஜனவரியில் வேளாண் துறை 259 அலுவலகங்களை மூடப்போவதாக அறிவித்தது. அதில் 131 இந்த மாவட்ட அலுவலகங்கள்.

உங்களுக்குப் பயன்படக்கூடியது இது: 2008ல் வந்த விவசாயச் சட்டத்தில், எதை மூடலாம் என்பதற்கே விதி எழுதினார்கள். 20 மைலுக்குள் இன்னொரு அலுவலகம் இருந்து, நிரந்தர ஊழியர் இரண்டு பேர் அல்லது அதற்கும் குறைவாக இருந்தால் அவற்றைத்தான் முதலில் எடுக்க வேண்டும். மூடுவதாகச் சொன்ன பின் அந்த மாவட்டத்திலேயே பொதுக்கூட்டம் போட்டு மக்கள் சொல்வதைக் கேட்க வேண்டும். நாடாளுமன்றத்துக்கும் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். அலுவலகத்தை மேற்பார்க்க விவசாயிகளே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் குழுவும் உண்டு.

ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது. இரண்டு பேரோ அதற்கும் குறைவோ இருந்தால் மூடலாம் என்பதால், ஓய்வு பெறுகிறவர் இடத்தை நிரப்பாமல் விட்டாலே போதும், அலுவலகம் தானாக மூடும் பட்டியலுக்கு வந்துவிடும். உங்கள் டிப்போவில் நடப்பது எனக்கு அப்படித்தான் தெரிகிறது.


வெள்ளாற்றுக்கரை எழுதியது:

ஐயா, இதுதான் எனக்கு வேண்டியிருந்தது. ஆளை மாற்றிவிட்டு அந்த இடத்தை நிரப்பாமல் விடுகிறார்கள், பூட்டு விழுகிறது, விற்பனை குறைகிறது, விற்பனை குறைந்ததால் தேவையில்லை என்கிறார்கள். அப்படியானால் மனுவில் 'மூடாதே' என்பதற்கு முன்னால் 'காலியிடத்தை நிரப்பு' என்பதுதான் வர வேண்டும்.

இன்னொரு விஷயம் கேட்க வேண்டும். 2025 மே மாதம் முதல் 'உழவரைத் தேடி' முகாம் நடக்கிறது அல்லவா, மாதத்தில் இரண்டாவது, நான்காவது வெள்ளிக்கிழமை. அதைக் காட்டி, 'அலுவலர்களே ஊருக்கு வருகிறார்களே, அப்புறம் மையம் எதற்கு' என்று கேட்டால் என்ன சொல்வது?


கடைமடை_சம்பா எழுதியது:

முகாம் நல்லதுதான், வரட்டும். பல துறையும் ஒரே நாளில் வந்தால் எங்களுக்கு அலைச்சல் மிச்சம். ஆனால் எங்கள் ஊருக்கு முகாம் வந்துவிட்டுப் போனால் அடுத்த சுற்று எப்போது வரும்? இலைச்சுருட்டுப் புழு வெள்ளிக்கிழமை பார்த்து வராது. அதோடு முகாமில் கொடுத்த மனு என்னவாயிற்று என்று கேட்க ஒரு கதவு வேண்டும். மேசையை எடுத்துக்கொண்டு போன பிறகு யாரிடம் கேட்பது?


பவானிக்கரை_மஞ்சள் எழுதியது:

இப்போது எனக்கு ஒன்று தோன்றுகிறது. தகவலுக்குச் செயலி போதும், அதில் நான் மாறவில்லை. ஆனால் கையெழுத்து, கிடங்கு, கள ஆய்வு, முறையீடு இந்த நான்கும் செயலியில் இல்லை. மனுவை இந்த நான்கின் மேல் கட்டுங்கள். 'செயலி எங்களுக்குத் தெரியாது' என்று எழுதினால், 'பயிற்சி தருகிறோம்' என்று பதில் எழுதி முடித்துவிடுவார்கள்.

அப்புறம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் முதலில் ஒரு மனு போடுங்கள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், 30 நாளில் பதில் தர வேண்டும். கேட்க வேண்டியவை: உங்கள் வட்டாரத்தில் அனுமதிக்கப்பட்ட உதவி அலுவலர் பணியிடம் எத்தனை, நிரம்பியது எத்தனை, எந்தத் தேதியிலிருந்து காலி, துணை மையத்தில் கடந்த ஐந்து ஆண்டு விதை, இடுபொருள் விற்பனை மாதவாரியாக, மையத்தை இணைப்பது பற்றிக் கோப்பு ஏதும் இருந்தால் அதன் நகல். ஆள் இருந்த மாதத்தின் விற்பனையையும் இல்லாத மாதத்தின் விற்பனையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அதற்கு மேல் நீங்கள் பேசவே வேண்டாம்.


முன்னாள்_உதவி_அலுவலர் எழுதியது:

சரியான யோசனை. விற்பனைக் கணக்கை 'ஆண்டுவாரி' என்று கேட்காதீர்கள், தம்பி சொன்னபடி மாதவாரியாகவே கேளுங்கள். ஆண்டு மொத்தத்தில் காலியிடம் மறைந்துவிடும்.

மனு போகும் இடம்: மாவட்ட ஆட்சியர், வேளாண்மை இணை இயக்குநர், வட்டார வேளாண்மை உதவி இயக்குநர், நகல் சட்டமன்ற உறுப்பினருக்கு. குறைதீர் கூட்டத்தில் கொடுக்கும்போது பதிவு எண்ணோடு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வெளியே வர வேண்டாம். கிராம சபைத் தீர்மானம் இணைத்தால் கனம் கூடும். குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, இவற்றோடு மார்ச் 22, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு சபை இப்போது நடக்கிறது. எது அருகில் வருகிறதோ அதில் வையுங்கள். மையத்தின் எல்லைக்குள் வரும் ஊராட்சிகள் எல்லாம் தனித்தனியாகப் போட்டால்தான் நல்லது. ஒரே ஊராட்சி போட்டால் அந்த ஊர்ப் பிரச்சினை என்று ஒதுக்கிவிடுவார்கள்.

வட்டார ஆத்மா ஆலோசனைக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். உங்கள் ஊர்க்காரர் ஒருவர் அவருக்கே தெரியாமல் அதில் உறுப்பினராக இருக்கலாம்.


வெள்ளாற்றுக்கரை எழுதியது:

எல்லோரும் சொன்னதைச் சேர்த்து வரைவு எழுதியிருக்கிறேன். படித்துப் பார்த்துத் திருத்துங்கள்.

"எங்கள் பிர்க்காவின் துணை வேளாண்மை விரிவாக்க மையத்தில் உதவி வேளாண்மை அலுவலர் பணியிடம் காலியாக இருப்பதால் மையம் வாரத்தில் பல நாட்கள் திறக்கப்படுவதில்லை. அதனால் சிறு, குறு விவசாயிகளும், பட்டா இல்லாத குத்தகை விவசாயிகளும், பெண் விவசாயிகளும் விதை, உயிர் உரம் வாங்கவும், பூச்சி நோய்க்கு ஆலோசனை பெறவும், காப்பீட்டுக்கும் சேத மதிப்பீட்டுக்கும் விண்ணப்பிக்கவும் ஒன்றியத் தலைமையிடம் வரை செல்ல வேண்டியுள்ளது. எனவே, ஒன்று, காலிப் பணியிடத்தை உடனே நிரப்ப வேண்டும். இரண்டு, அதுவரை கூடுதல் பொறுப்பு அலுவலர் எந்தக் கிழமையில் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை மையத்தில் இருப்பார் என்பதைக் கதவிலும் ஊராட்சி அலுவலகப் பலகையிலும் எழுதி ஒட்ட வேண்டும். மூன்று, மையத்தை மூடவோ இணைக்கவோ எண்ணம் இருந்தால், அதன் எல்லைக்குட்பட்ட ஊராட்சிகளில் கூட்டம் நடத்தி விவசாயிகளின் கருத்தை எழுத்தில் பெறாமல் முடிவெடுக்கக் கூடாது. நான்கு, பணியிடம் காலியாக இருந்த காலத்து விற்பனைக் குறைவைத் தேவை குறைந்ததற்கு ஆதாரமாகக் கொள்ளக் கூடாது."


கடைமடை_சம்பா எழுதியது:

நன்றாக இருக்கிறது அண்ணா. இரண்டாவது கோரிக்கையில் அலுவலரின் அலுவலகக் கைப்பேசி எண்ணையும் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். குத்தகைக்காரர் வயலையும் சேதக் கணக்கெடுப்பில் சாகுபடி செய்பவர் முன்னிலையில் பார்க்க வேண்டும் என்று ஐந்தாவதாக ஒன்று சேர்க்க முடியுமா?


பி.எஸ்சி_அக்ரி எழுதியது:

ஐந்தாவது கோரிக்கை சேத மதிப்பீடு பற்றியது என்பதால் அதைத் தனி மனுவாகக் கொடுப்பது நல்லது என்று நினைக்கிறேன். இரண்டும் ஒன்றாக இருந்தால் வேளாண் துறை வருவாய்த் துறைக்கு அனுப்பும், அவர்கள் திருப்பி அனுப்புவார்கள், டிப்போ விஷயமும் சேர்ந்து கிடப்பில் போகும். தனியாக எழுத நான் உதவுகிறேன் அக்கா.


கடைமடை_சம்பா எழுதியது:

சரி தம்பி, அப்படியே செய்வோம். எங்கள் மாவட்டத்திலும் கொடுக்கிற மாதிரி எழுதுங்கள்.


வெள்ளாற்றுக்கரை எழுதியது:

கைப்பேசி எண்ணைச் சேர்த்துவிட்டேன். தகவல் உரிமை மனுவை முதலில் அனுப்பிவிட்டு, பதில் வந்ததும் மாதவாரி விற்பனையை இணைத்து அடுத்த குறைதீர் கூட்டத்தில் கொடுக்கிறோம். பக்கத்து ஊராட்சிக்காரர்களிடம் இன்று சாயங்காலம் பேசப் போகிறேன். கிராம சபையில் வைக்கும் தீர்மானத்துக்கு வாசகம் எழுதிப் பழக்கமுள்ளவர்கள் யாராவது இருந்தால் இங்கேயே ஒரு மாதிரி போடுங்கள். மற்ற வட்டாரத்துக்காரர்கள் இந்த வரைவை எடுத்து ஊர்ப் பெயரை மாற்றி அப்படியே பயன்படுத்திக்கொள்ளலாம்.